மறுத்துப் பேச ஆளில்லாத கதை

உயிரோடு திரும்பியவர்களுக்குப் புனைபெயர், திரும்பாதவர்களுக்குச் சொந்தப் பெயர். 'பிராவோ டூ ஜீரோ' பற்றிய புத்தகங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தபோது எனக்கு முதலில் உறைத்தது இதுதான். ஆண்டி மெக்நாப் புனைபெயர். கிறிஸ் ரையன் புனைபெயர். மைக் கோபர்னும் அப்படியே. எழுதியவர்களின் பாதுகாப்புக்காக இந்த ஏற்பாடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வின்ஸ் பிலிப்ஸ், பாப் கான்சிலியோ, ஸ்டீவ் லேன் மூவரும் இறந்துவிட்டார்கள், அவர்களுக்கு இனி என்ன பாதுகாப்பு என்று சொந்தப் பெயரிலேயே அச்சேறிவிட்டார்கள். சரி, அவர்களுக்கு வேண்டாம். அவர்கள் வீட்டில் இருக்கிறவர்களுக்கு?

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1991 ஜனவரி, வளைகுடாப் போர். சதாம் உசேனின் ராணுவம் இஸ்ரேல் மீது ஸ்கட் ஏவுகணைகளை வீசிக்கொண்டிருந்தது. அவற்றைச் சுமந்து திரியும் லாரிகளைக் கண்டுபிடிக்கவும், மண்ணுக்கடியில் போகும் தகவல்தொடர்புக் கேபிள்களை அறுக்கவும் பிரிட்டனின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்.ஸிலிருந்து எட்டுப் பேரை சினூக் ஹெலிகாப்டரில் மேற்கு இராக்கில் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்தக் குழுவின் வயர்லெஸ் பெயர்தான் பிராவோ டூ ஜீரோ. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அலைவரிசை தப்பு. மூட்டைகளோ ஆள் தூக்க முடியாத கனம். பாலைவனம் என்று நினைத்துக்கொண்டு போன இடத்தில் எலும்பை உறையவைக்கும் குளிர், பனி. இறங்கிய இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டார்கள். அங்கிருந்து சிரியா எல்லையை நோக்கி ஓட்டம். நான்கு பேர் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார்கள். மூன்று பேர் இறந்தார்கள்: கான்சிலியோ குண்டடிபட்டு, லேன் யூப்ரடீஸ் ஆற்றை நீந்திக் கடந்தபின் குளிரில் விறைத்து, பிலிப்ஸ் அதற்கும் முன்பே, பனியில் வழிதவறி. ரையன் ஒருவர் மட்டும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடந்து சிரியா போய்ச் சேர்ந்தார்.

போர் முடிந்த அடுத்த ஆண்டே, வளைகுடாவில் பிரிட்டிஷ் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் பீட்டர் டி லா பிலியேர் தன் நினைவுக் குறிப்பை வெளியிட்டார். அவரே பழைய எஸ்.ஏ.எஸ். ஆள். 1993-இல் குழுத் தலைவர் மெக்நாப் எழுதினார், லட்சக்கணக்கில் விற்றது. 1995-இல் ரையன். பெரியவரே எழுதிவிட்டார், நாங்கள் எழுதினால் என்ன என்று கீழே இருந்தவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ரகசியம் காக்கச் சொல்லும் எந்த அமைப்பிலும் முதல் ஓட்டை மேலிருந்துதான் விழுகிறது. பிறகு இந்த ஓட்டைக்கு வருகிறேன்.

ரையனின் நூலில் எனக்கு மறக்காத ஓர் இடம் உண்டு. குழு இருட்டில் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ரையனோடு இருப்பது பிலிப்ஸும் இன்னொருவரும். பிலிப்ஸுக்குக் காலில் அடி, பின்தங்கிக்கொண்டே வருகிறார். பனி கொட்டுகிறது. ஒரு கட்டத்தில் தன் கைகள் கறுத்துப்போய்விட்டன என்று பிலிப்ஸ் புலம்புகிறார். பார்த்தால் அவர் போட்டிருந்தது கறுப்புக் கையுறை. குளிரில் புத்தி பேதலிக்கத் தொடங்கிய ஒரு மனிதனை இதைவிடத் துல்லியமாகக் காட்டிவிட முடியாது. எழுத்து என்ற அளவில் சபாஷ். ஆனால் அந்த வரியை பிலிப்ஸ் வீட்டாரும்தான் படித்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதே நூலில் பிலிப்ஸ் மனம் ஒட்டாதவராக, குழுவுக்குப் பாரமாக வருகிறார். எதிரி கண்ணில் குழு பட்டதற்கே காரணம் அவர்தான் என்ற இடம் வரை அது போகிறது. ஆடு மேய்க்க வந்த பையன் பார்க்கும்படி பிலிப்ஸ் அசைந்துவிட்டாராம். மூன்று பேர் செத்ததற்கும் நான்கு பேர் சிறைப்பட்டதற்கும் தொடக்கப்புள்ளி அந்த ஆள் என்றாகிவிடுகிறது. பிலிப்ஸ் எழுந்து வந்து "நான் அசையவே இல்லை" என்று சொல்லப் போவதில்லை.

2001-இல் மைக்கேல் ஆஷர் என்பவர் அந்த இடத்துக்கே போனார். முன்னாள் ராணுவ வீரர், அரபி சரளமாகப் பேசுபவர், பாலைவனத்தில் ஒட்டகத்தோடு ஆண்டுக்கணக்கில் சுற்றியவர். குழு போன வழியில் நடந்து பார்த்து, அங்கே குடியிருப்பவர்களிடம் பேசினார். குழு பதுங்கியிருந்த பள்ளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குடும்பம் வீடு கட்டி வாழ்ந்துகொண்டிருந்தது. அந்தக் குடும்பத்துக்காரர் சொன்னது: ஆடு மேய்க்கும் பையன் யாரும் பார்க்கவில்லை, நான்தான் புல்டோசர் ஓட்டிக்கொண்டு போனபோது அவர்களைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்துவந்து சுட்டது அவரும் இரண்டு உறவுக்காரர்களும். மெக்நாப் நூலில் கவச வண்டிகளும் படைவரிசைகளுமாக விரியும் சண்டை இங்கே வெறும் மூன்று பேராகச் சுருங்கிவிடுகிறது. குழு போன வழியெல்லாம் கொன்றதும் காயப்படுத்தியதுமாக 250 இராக்கியர் என்பது மெக்நாப் கணக்கு. எங்கள் பக்கம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது அந்தக் குடும்பத்தின் கணக்கு.

ஆஷர் சொன்னதையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. சதாம் ஆட்சியில், அரசாங்க ஆட்கள் கூடவே வர எடுத்த பேட்டிகள் அவை. பத்து வருஷம் கழித்து எல்லார் ஞாபகமும் கொஞ்சம் வளையும். ஆனால் இராக்கியர் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. அந்தப் போரில் எஸ்.ஏ.எஸ். படையின் ரெஜிமென்ட் சார்ஜன்ட் மேஜராக இருந்த பீட்டர் ராட்கிளிஃபும், திரும்பிவந்ததும் படைக்குள்ளே சொன்ன கதைக்கும் பிற்பாடு புத்தகத்தில் வந்த கதைக்கும் பெரிய வித்தியாசம் என்று எழுதினார். மெக்நாப், ரையன் நூல்கள் இரண்டுமே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒரே பள்ளத்தில் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தவர்கள்!

ராணுவ ரகசியம் பற்றிய விவாதம் எப்போதும் ஒரே தடத்தில்தான் போகிறது. வெளியே சொன்னால் நாட்டுக்கு ஆபத்து என்று ஒரு கட்சி. மக்களுக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்று மறு கட்சி. இரண்டும் சேர்ந்து ஒன்றை விட்டுவிடுகின்றன. ரகசியப் பணியைப் பற்றி ஒருவர் எழுதும்போது, அவர் எழுதுவது சரியா என்று சொல்லக்கூடிய நாலைந்து பேரும் வாய் திறக்கக் கூடாதவர்கள். கோப்பு பூட்டிக்கிடக்கிறது. எதிர்த்தரப்பின் பேச்சு நமக்குக் கேட்பதில்லை. ஆக, ரகசியத்தை முதலில் உடைப்பவருக்குத்தான் அந்த ரகசியம் பெரிய பாதுகாப்பு. மற்றவர்கள் சத்தியத்தைக் காப்பாற்றும்வரை அவர் வைத்ததுதான் சட்டம்.

இதைச் சின்ன அளவில் எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். மாமா ஒருவர் சுபேதாராக ஓய்வுபெற்றவர். விசேஷ வீடுகளில், கேன்டீன் பாட்டில் பாதி காலியான பிறகு, காஷ்மீரில் ஓர் இரவு ரோந்து போன கதையை ஆரம்பிப்பார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எதிரே வந்தவர்கள் ஐந்தாறு பேர். நாங்கள் கல்லூரிக்குப் போனபோது அது இருபதைத் தாண்டியிருந்தது. பிறகு ஒரு கல்யாணத்துக்கு அவருடைய ரெஜிமென்ட் நண்பர் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். வழக்கம்போல் பொடிசுகள் மாமாவைச் சூழ்ந்துகொண்டு "தாத்தா, அந்தக் காஷ்மீர் கதை" என்றன. மாமா நண்பரை ஒரு தடவை பார்த்தார். "அது ஒண்ணுமில்லடா. இருட்டுல நாலு ரவுண்டு சுட்டானுங்க, நாங்களும் சுட்டோம். விடிஞ்சு போய்ப் பார்த்தா யாரும் இல்ல." நண்பர் சிரித்துக்கொண்டே, "நான் அன்னைக்கு வயர்லெஸ் செட்டைத் தூக்கிக்கிட்டு இவர் பின்னாலதான் நின்னேன்" என்றார். அப்புறம் இரண்டு பேரும் கால் உறைந்துபோன ஒரு சமையல்காரரைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமையல்காரர் மாமாவின் கதையில் அதுவரை ஒரு தடவைகூட வந்ததில்லை.

மாமா கதையால் யாருக்கும் நஷ்டம் கிடையாது. மெக்நாப், ரையன் விஷயத்தில் நஷ்டப்பட்டவர்கள் உண்டு, அதில் லாபம் பார்த்தவர்களும் உண்டு. இனி பிரிட்டிஷ் அரசாங்கம் என்ன செய்தது என்று பாருங்கள்.

புத்தகங்கள் பெருகியதும் படைக்குள்ளேயே கசப்பு. இனி யாரும் எழுதக் கூடாது என்று கட்டாயப்படுத்த வேண்டும் என்பது அங்கே பணியில் இருந்தவர்களில் பெரும்பாலோரின் விருப்பமாகவும் இருந்தது. 1996-இல் பாதுகாப்பு அமைச்சகம் ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தது. அனுமதி இல்லாமல் வாழ்நாள் முழுக்க எதையும் வெளியிடக் கூடாது. கையெழுத்துப் போடாதவர் சிறப்புப் படையை விட்டுப் பழைய பிரிவுக்குத் திரும்பிவிட வேண்டும். அப்போது அங்கே இருந்த கோபர்ன் கையெழுத்துப் போட்டார். நியூசிலாந்துக்காரர், அந்த எட்டுப் பேரில் ஒருவர், காயத்தோடு பிடிபட்டுச் சிறையில் கிடந்தவர். சில காலத்திலேயே படையை விட்டு ஊருக்குத் திரும்பினார். வந்த நூல்களிலும் படங்களிலும் தன் தோழர்களைப் பற்றி வந்த தப்பைத் திருத்த வேண்டும், குறிப்பாக பிலிப்ஸ் மேல் விழுந்த பழியைத் துடைக்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்தார்.

பிரிட்டிஷ் அரசாங்கம் அவர் மேல் நியூசிலாந்து நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. கீழ்க்கோர்ட்டு கோபர்ன் பக்கம் சாய்ந்தது: மேலதிகாரி நீட்டிய காகிதத்தில் வேறு வழியில்லாமல் போட்ட கையெழுத்து செல்லாது என்றது. மேல்முறையீட்டில் அது மாறியது. ஒப்பந்தம் செல்லும், நூலைத் தடுக்க மாட்டோம், ஆனால் வரும் பணம் அரசாங்கத்துக்கு. வழக்கு, அப்போது நியூசிலாந்துக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 2003-இல் அங்கேயும் அதுவே உறுதியானது. ஐந்து நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மாறுபட்டார். 2004-இல் நூல் வெளிவந்தது.

முதலில் எழுதியவர்களுக்குப் பணமும் புகழும். அவர்கள் எழுதியதைத் திருத்த வந்தவர் நீதிமன்றப் படியேறினார். எஸ்.ஏ.எஸ். இதை வேண்டுமென்றே செய்தது என்று நான் சொல்லவில்லை. குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டினார்கள். உள்ளே சிக்கியது, ஓடிய குதிரையைத் தேடிப் போகவிருந்த ஆள்.

அமெரிக்காவிலும் கதை வேறு மாதிரி இல்லை. 2011 மே 2, பாகிஸ்தானின் அபோட்டாபாத். பின்லேடனைக் கொன்ற கடற்படை சீல் அதிரடிக் குழுவில் இருந்த மாட் பிசோனெட், அடுத்த ஆண்டு செப்டம்பரில் மார்க் ஓவன் என்ற பெயரில் புத்தகம் போட்டார். பென்டகன் பார்வைக்கு முன்கூட்டியே அனுப்பவில்லை. அரசாங்கம் விடவில்லை. 2016-இல் 60 லட்சம் டாலருக்கும் மேல் திருப்பிக் கட்ட ஒப்புக்கொண்டார். அதே குழுவில் இருந்த ராபர்ட் ஓ'நீல் 2014-இல் தொலைக்காட்சியில் வந்து, சுட்டது நான்தான் என்றார். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துவரவில்லை. பிசோனெட் கணக்குப்படி, மாடிப்படியில் முன்னால் போனவர் சுட்டதிலேயே பின்லேடன் விழுந்துவிட்டார். ஓ'நீல் கணக்குப்படி, தான் அறைக்குள் நுழைந்தபோது பின்லேடன் நின்றுகொண்டிருந்தார். முன்னால் போன அந்த மூன்றாமவருக்கு உண்மை தெரியும். அவர் இன்றுவரை பொதுவெளியில் வந்து பேசவில்லை. தன் வேலையை விளம்பரப்படுத்த மாட்டேன், அங்கீகாரம் தேட மாட்டேன் என்பது சீல் படையின் உறுதிமொழியிலேயே இருக்கிறது. அதைக் காப்பாற்றியவருக்கு வரலாற்றில் சொந்தமாக ஒரு வரி இல்லை.

மேலிருந்து விழும் ஓட்டைக்கு வருகிறேன் என்றேன். தாக்குதல் நடந்த அன்றே வெள்ளை மாளிகையில் அதிபர் ஒபாமாவின் பயங்கரவாத எதிர்ப்பு ஆலோசகர் ஜான் பிரென்னன் பத்திரிகையாளர்களிடம், பின்லேடன் எதிர்த்துச் சண்டை போட்டார், ஒரு பெண் கேடயமாக நிறுத்தப்பட்டார் என்கிற ரீதியில் பேசினார். மறுநாளே, பின்லேடன் கையில் ஆயுதம் இல்லை என்று வெள்ளை மாளிகையே திருத்த வேண்டிவந்தது. அடுத்த மாதம், சி.ஐ.ஏ. தலைமையகத்தில் நடந்த பாராட்டு விழாவில் இயக்குநர் லியோன் பனெட்டா பேசிய பேச்சில் ரகசியத் தகவல்கள் இருந்ததாகப் பின்னர் ஒரு விசாரணை வரைவறிக்கை சொன்னது. அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு சினிமா திரைக்கதை ஆசிரியரும் உண்டு. தடுப்பூசி போடுவதாகச் சொல்லி அபோட்டாபாத்தில் தகவல் திரட்ட உதவிய பாகிஸ்தான் மருத்துவர் ஷகீல் அஃப்ரிதி சிறையில் இருந்த நேரம். 2012 ஜனவரியில், அப்போது பாதுகாப்புச் செயலராகிவிட்டிருந்த அதே பனெட்டா தொலைக்காட்சியில் அவர் எங்களுக்கு உதவியவர்தான் என்று உறுதிசெய்தார். அந்த மே மாதம் அஃப்ரிதிக்கு 33 ஆண்டுத் தண்டனை. தண்டனைக்குச் சொன்ன காரணம் வேறு என்றாலும், எதற்காக அவரை உள்ளே வைத்திருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்களைச் சுட்டுக் கொன்ற கொடுமையும் அந்த ஆண்டுக் கடைசியில் நடந்தது. எந்தப் படைவீரன் எழுதிய புத்தகமும் இந்த அளவுக்கு ஆள் சேதம் செய்ததாக நான் படித்ததில்லை.

ஆக, யார் சொன்னார் என்பதைப் பொறுத்துத்தான் அது துரோகமாகவோ செய்தியாளர் சந்திப்பாகவோ ஆகிறது. 1977-இல், வியட்நாம் போரின் முடிவான சைகோன் வீழ்ச்சியைப் பற்றி எழுதிய முன்னாள் சி.ஐ.ஏ. ஆள் ஃபிராங்க் ஸ்னெப்பின் நூலில் ரகசியம் எதுவும் இருப்பதாக அமெரிக்க அரசாங்கம் வாதிடக்கூட இல்லை. முன் அனுமதி வாங்கவில்லை என்பதற்காகவே 1980-இல் உச்ச நீதிமன்றம் அவர் சம்பாதித்ததை முழுக்கப் பிடுங்கிக் கொடுத்தது. தங்களுக்குத் தகவல் கொடுத்த வியட்நாமியர்களை அமெரிக்கா எப்படிக் கைவிட்டு ஓடிவந்தது என்பதுதான் அந்த நூலின் விஷயம். அதை யார் அனுமதிப்பார்கள்?

அப்படியானால் எழுதட்டும் என்கிறாயா, வேண்டாம் என்கிறாயா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எழுதட்டும். ஆனால் சாகசத்தை எழுதுபவரையும் தவறை எழுதுபவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. 1987-இல் இலங்கையில் இந்திய அமைதிப்படைக்குக் களத்தில் தலைமை தாங்கிய மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் பின்னாளில் பேட்டியிலும் நூலிலும் ஒன்றைச் சொன்னார். அந்த செப்டம்பரில், பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைக் கைது செய்யுங்கள் அல்லது சுட்டுவிடுங்கள் என்று இந்தியத் தூதர் ஜே.என். தீட்சித் தொலைபேசியில் தன்னிடம் சொன்னதாகவும், பேச வருகிறவரை முதுகில் சுடுவது ராணுவத்தின் வேலை இல்லை என்று தான் மறுத்ததாகவும். இது ஹர்கிரத் சிங் தரப்பு. இதையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். சொல்பவருக்கு இதில் பெருமை இருக்கிறது. அடுத்த மாதமே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிய சீக்கிய காலாட்படை வீரர்கள் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். அந்தத் திட்டத்துக்கு யார் பொறுப்பு என்று பிற்பாடு எழுதிய அதிகாரிகள் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். ஆனால் அவர்கள் சொந்தப் பெயரில் எழுதினார்கள். கை நீட்டப்பட்டவர்களில் உயிரோடு இருந்தவர்கள் பதில் சொல்ல முடிந்தது. சண்டை போட்டுக்கொள்கிற பல நூல்கள் இருந்தால் வாசகன் ஒன்றை வைத்து இன்னொன்றை உரசிப் பார்க்கலாம்.

உரசிப் பார்க்க அதைவிட நல்ல இடம் நீதிமன்றம். ஆஸ்திரேலியாவின் சிறப்புப் படை வீரர்கள் ஆப்கானிஸ்தானில் 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தக்க தகவல்கள் உண்டு என்று 2020-இல் ராணுவத்தின் விசாரணை அறிக்கையான பிரெரட்டன் அறிக்கை சொன்னது. அங்கே வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா சிலுவை வாங்கிய பென் ராபர்ட்ஸ்-ஸ்மித் தன்னைப் பற்றி எழுதிய பத்திரிகைகள் மேல் அவதூறு வழக்குப் போட்டார். அவருடைய பழைய தோழர்களே சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். 'நபர் 4' என்பது போல எண்தான் அவர்களுக்குப் பெயர். வக்கீல்கள் நாள்கணக்கில் குறுக்கு விசாரணை செய்தார்கள். 2023-இல் அவர் தோற்றார். முக்கியமான குற்றச்சாட்டுகள் பல, சிவில் வழக்குக்கு வேண்டிய அளவில், சாராம்சத்தில் உண்மை என்றார் நீதிபதி. இங்கேயும் புனைபெயர்தான், ஆனால் எண்ணுக்குப் பின்னால் இருந்தவருக்கு முன்பணமும் இல்லை, ராயல்டியும் இல்லை.

இந்தியாவில் 2021-இல் ஓய்வூதிய விதியைத் திருத்தினார்கள். வெளிநாட்டு உளவு அமைப்பான ரா, உள்நாட்டு உளவுத்துறை, எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற அமைப்புகளில் இருந்து ஓய்வுபெற்றவர்கள், அந்த அமைப்பின் வேலை சம்பந்தமாக எதையும் வெளியிட அதன் தலைவரிடம் அனுமதி வாங்க வேண்டும். மீறினால் ஓய்வூதியத்தில் கை வைக்கலாம். முப்படைகள் இந்த விதிக்குள் வராது. ஆனால் முன்னாள் தரைப்படைத் தலைமைத் தளபதி நரவணேயின் நினைவுக் குறிப்பும் 2024 ஜனவரியில் வருவதாக இருந்து, அரசாங்கத்தின் பார்வைக்குப் போய் நின்றுவிட்டது. இதற்கெல்லாம் முன்பு, 2007-இல், ராவில் பணியாற்றிய மேஜர் ஜெனரல் வி.கே. சிங் அங்கே கருவிகள் வாங்கியதில் நடந்த குளறுபடிகளைப் பற்றி எழுதினார். சி.பி.ஐ. அவர் வீட்டைச் சோதனை போட்டது, 1923-ஆம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டத்தில் வழக்கும் வந்தது.

அமைப்பின் தலைவரே அனுமதி தருவார் என்றால், அமைப்பைப் பாராட்டும் நூல் மூன்று மாதத்தில் வந்துவிடும், குறை சொல்லும் நூல் வராது. இதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டாம், நம் அரசு அலுவலகங்களைத் தெரிந்தால் போதும். அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. பென்டகன் ஆனாலும் லண்டன் ஆனாலும் டெல்லி ஆனாலும், கையெழுத்துப் படியைப் படிக்கும் அதிகாரி தேடுவது ரகசியத்தை மட்டும்தான். பொய்யை அடிக்க அவருக்கு வேலை இல்லை. ரையனின் நூலை அப்படி ஒரு குழு படித்திருந்தால் வயர்லெஸ் விவரத்தையோ ஆயுத விவரத்தையோ அடித்திருக்கும். பிலிப்ஸ் அசைந்தார் என்ற வரி அப்படியே தாண்டிப் போயிருக்கும், ஏனென்றால் அதில் ரகசியம் ஏதும் இல்லை. படிக்கும் மேசையில் கூட இருந்த தோழர்களில் ஒருவரையும், இறந்தவர் வீட்டிலிருந்து ஒருவரையும் உட்காரவைத்தால் என்ன? ரகசியக் காப்பு உறுதிமொழி அவர்களுக்கும் கொடுக்கலாம். அவர்கள் எதையும் தடுக்க வேண்டாம். அவர்கள் மறுப்பதை நூலின் கடைசியில் நாலு பக்கம் சேர்த்து அச்சிட்டால் போதும். பதிப்பாளருக்குக் கூடுதலாக ஆவது கொஞ்சம் காகிதம்தான்.